ஸ்லாட் நாலு

அந்த ஆர்சிஏவை, அதாவது கோளாறு எதனால வந்துச்சுன்னு எழுதுற ரிப்போர்ட்டை, எழுதினது நான்தான்.

2019ல ஒரு நைட் ஷிப்ட். பெங்களூரு பெல்லந்தூர்ல உக்காந்துகிட்டு ஏழு கடல் தாண்டி இருக்குற ஒரு டேட்டா சென்டரைப் பாத்துக்குறதுதான் நம்ம பொழப்பு. ராத்திரி ரெண்டு மணி வாக்குல ஸ்டோரேஜ் பொட்டி ஒண்ணுல ஒரு டிஸ்க் புட்டுக்கிச்சுன்னு அலர்ட் வந்துச்சு. இதெல்லாம் எங்களுக்கு தினப்படி சோறு, டிக்கெட் போட்டா அங்க இருக்குற ரிமோட் ஹேண்ட்ஸ் ஆளு போயி பழசை உருவிட்டு புதுசை சொருகிடுவாரு. இந்த லைன்ல இல்லாதவங்களுக்கு: ரிமோட் ஹேண்ட்ஸ்னா பொட்டி பக்கத்துல நிக்கிற நிஜ மனுஷன், ஆனா அவரோட மூளைய யாரும் கேக்க மாட்டோம், கைக்கு மட்டும் மணிக்கணக்குல பில். நான் "ஸ்லாட் நாலு"ன்னு எழுதினேன். அவரு பொட்டி மேல நாலுன்னு ஒட்டியிருந்த டிஸ்க்கை உருவினாரு. சாஃப்ட்வேர் சீரோவுலேர்ந்து எண்ணுது, ஸ்டிக்கர் ஒண்ணுலேர்ந்து எண்ணுது. டிஸ்க்குங்களை சேத்து வச்சிருந்த முறை ரெய்ட் ஃபைவ் வேற, ஒரு டிஸ்க் செத்தா தாங்கும், அது செத்துக் கிடக்கும்போது நல்லா இருக்குற இன்னொண்ணையும் உருவிட்டா மொத்தமும் அவுட். பேக்கப்லேர்ந்து திருப்பி ஏத்த காலைல ஒம்போது ஆச்சு.

ஆர்சிஏல என்ன எழுதினேன்னா, "வெண்டர் தரப்பில் தவறான டிஸ்க் அகற்றப்பட்டது". ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஸ்லாட்டை எங்கேர்ந்து எண்ணணும்னு நான் சொல்லவே இல்லைங்கிறது மட்டும் அதுல இல்ல. மேனேஜர் "குட், கிளியரா இருக்கு"ன்னாரு. அந்த ஆளு பேரு அதுக்கப்புறம் டிக்கெட் கியூவுல வரவே இல்ல. வேற ஷிப்ட்டுக்கு மாறினாரா, வேலை போச்சா, நான் கேக்கல. கேக்காததுதான் இத்தனை வருஷமா பல்லுல சிக்குன நார் மாதிரி உறுத்திகிட்டு இருக்கு.

இதை இப்ப எழுத வச்சது அன்டார்ட்டிகா. சிரிக்காதீங்க, வரேன்.

தெர்மகோல் தென் துருவம்

போன மாசம் பொண்ணுக்கு ஸ்கூல்ல சயின்ஸ் எக்ஸிபிஷன். எட்டாம் கிளாஸ். எல்லாரும் எரிமலையும் சோலார் சிஸ்டமும் பண்றாங்கன்னு இவளுக்கு வேற எதாவது வேணுமாம். நைட் ஷிப்ட்ல வேலை இல்லாத நேரத்துல நான் படிச்சு வச்சிருந்த ஒரே உருப்படியான விஷயம் ஐஸ்க்யூப், தென் துருவத்துல பனிக்குள்ள புதைச்சு வச்சிருக்குற நியூட்ரினோ டெலஸ்கோப், அதாவது எதுலயும் லேசுல மாட்டாம ஊடுருவிப் போற ஒரு குட்டித் துகளைப் பிடிக்கிறது. சொன்னதும் "டெலஸ்கோப்னா குழாய் இருக்கணும்ல?"ன்னா. குழாயும் இல்ல, லென்ஸும் இல்ல, வானத்தைப் பாத்தும் இல்ல. ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டி, அவ்ளோதான். அதுல சுடுதண்ணிய பீச்சி பீச்சி ரெண்டரை கிலோமீட்டர் ஆழத்துக்கு 86 ஓட்டை போட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு கேபிள் விட்டு, ஒவ்வொரு கேபிள்லயும் 60 கண்ணாடி உருண்டை கோத்து எறக்கியிருக்காங்க. ஒவ்வொண்ணும் பாஸ்கெட்பால் சைஸ், மொத்தம் 5160. எறக்குனதும் தண்ணி திரும்ப உறைஞ்சிடும். அதுக்கப்புறம் ஆண்டவனே வந்தாலும் அந்த உருண்டைய வெளிய எடுக்க முடியாது. 2010 டிசம்பர்ல அந்த 86ல கடைசி கேபிளை எறக்குனாங்க, இன்னிக்கும் 98 சதவீதத்துக்கு மேல வேலை செய்யுது. இந்த நம்பரைப் படிச்சப்ப நான் சீட்லேர்ந்து எந்திரிச்சுட்டேன், ஏன்னா ஏசி ரூம்ல வச்சு தாலாட்டுற எங்க டிஸ்க்குங்க அஞ்சு வருஷம் தாண்டுனாலே திருஷ்டி சுத்திப் போடணும்.

அப்புறம் என்ன, சிக்பேட் போயி பாசிமணி, தூண்டில் நரம்பு, தெர்மகோல் ஷீட்டு. 86 கேபிளும் முடியாது, பன்னெண்டு கேபிள்னு முடிவாச்சு, ஆனா ஒவ்வொண்ணுலயும் 60 மணி கட்டாயம் இருக்கணும்னு அவ பிடிவாதம். 720 மணி. மூணு ராத்திரி நானும் என் வீட்டம்மாவும் கோத்தோம்.

ஏன் அங்க போயித் தொலையணும்னு அவ கேட்டதுக்கு நான் சொன்ன பதில் பாதிதான் சரி. நியூட்ரினோவுக்கு வேண்டியது சுத்தமான, கண்ணாடி மாதிரி பனி, அதுவும் கிலோமீட்டர் கணக்குல. அது அங்கதான் இருக்கு. நியூட்ரினோ எதாவது பனில இருக்குற அணுவை இடிச்சா நீலமா ஒரு வெளிச்சம் கெளம்பும், அதை அந்த உருண்டைங்க பாக்கும். நியூட்ரினோன்னா என்னன்னு தமிழாளுங்களுக்கு விளக்க வேண்டியதில்ல, தேனி பொட்டிப்புரம் புண்ணியத்துல ஆதரவோ எதிர்ப்போ டீக்கடை வரைக்கும் அந்த வார்த்தை போயிடுச்சு. ஆனா பக்கத்துலயே நிக்கிற மத்த டெலஸ்கோப்புங்களுக்கு, பத்து மீட்டர் தட்டு வச்ச சவுத் போல் டெலஸ்கோப் மாதிரி ஆளுங்களுக்கு, காரணமே வேற: வறட்சி. அவ்ளோ பனி கெடக்கு, ஆனா அது ஒரு பாலைவனம். காத்துல ஈரமே கெடையாது, குளிர்ல எல்லாம் உறைஞ்சு கீழ விழுந்துடுது, அதுவும் இல்லாம அந்த இடம் கடல் மட்டத்துலேர்ந்து 2835 மீட்டர் ஒசரம். சென்னைல ஏசி பஸ்ஸை விட்டு எறங்குனதும் கண்ணாடில ஆவி புடிச்சு ஒண்ணும் தெரியாம நிப்போம்ல, மில்லிமீட்டர் அலையில வானத்தைப் பாக்குறவங்களுக்கு பூமி பூரா அந்த நிலைமைதான். துருவத்துல மட்டும் யாரோ கண்ணாடியத் தொடச்சு விட்ட மாதிரி. அதுக்கு மேல, ஆறு மாசம் ராத்திரி, நட்சத்திரங்க உதிக்கவும் மாட்டேங்குது மறையவும் மாட்டேங்குது, ஒரே ஒசரத்துல செக்கு மாடு மாதிரி சுத்தி வருது, நாள் பூரா ஒரே எடத்தை வெறிச்சுப் பாக்கலாம்.

எல்லாத்துலயும் அதுதான் பெஸ்ட்டுன்னும் இல்ல. தரையை ஒட்டி எரநூறு முந்நூறு மீட்டருக்கு காத்து கலங்கிகிட்டே இருக்கும், சாதா டெலஸ்கோப்புல நட்சத்திரம் அலையும். அதுக்கு அன்டார்ட்டிகாவுலயே டோம் ஏ (A)ங்குற எடம் தேவலாம், 4000 மீட்டருக்கு மேல, சீனாக்காரங்க குன்லுன் ஸ்டேஷன் போட்டிருக்காங்க, தரையிலேர்ந்து எட்டு மீட்டர் ஏறுனாலே பல நேரம் காத்து அமைதியாம். டோம் சி (C)ங்குற இன்னொரு எடத்துல கான்கார்டியான்னு பிரெஞ்சுக்காரங்களும் இத்தாலிக்காரங்களும் சேந்து நடத்துற ஸ்டேஷன் இருக்கு, அங்க குளிர்காலத்துல தங்குறது ஒரு டஜன் பேர் சொச்சம். அவங்களுக்குப் பக்கத்து வீடுன்னா 600 கிலோமீட்டர் தள்ளி இருக்குற ரஷ்யாக்காரங்க ஸ்டேஷன். விண்வெளி நிலையமே தரையிலேர்ந்து 400 கிலோமீட்டர் ஒசரம்தான். அந்த ஒசரத்தை விட பக்கத்து வீடு தூரம்.

ரெண்டு பேர்

என்னை இழுத்தது டெலஸ்கோப் இல்ல, அந்த ரெண்டு பேர். ஐஸ்க்யூப்புக்கு ஒவ்வொரு வருஷமும் ரெண்டே ரெண்டு பேரை குளிர்காலம் பூரா தங்குறதுக்கு அனுப்புறாங்க. விண்டர்ஓவர்னு பேரு. நான் முதல்ல நெனச்சது, பெரிய விஞ்ஞானிங்களா இருப்பாங்க, ராத்திரி பூரா திரையைப் பாத்துகிட்டு கன்னத்துல கை வச்சு பிரபஞ்சத்தை யோசிப்பாங்கன்னு. போயி வந்தவங்க எழுதுனதைப் படிச்சா, அட, இது என் வேலை! சர்வர் ரூம். டிஸ்க் மாத்துறது. பவர் சப்ளை மாத்துறது. எதாவது நின்னுட்டா அலர்ட் வரும், எந்திரிச்சு ஓடணும். ஒரே வித்தியாசம், நாங்க மாடி ஏறி பேன்ட்ரி தாண்டிப் போவோம், அவங்க மைனஸ் 60 டிகிரில கும்மிருட்டுல ஒரு கிலோமீட்டர் நடக்கணும், வழிக்கு பனில கொடி நட்டிருக்கும். அவ்ளோ குளிர்லயும் உள்ள சர்வருங்களுக்கு கூலிங் பாக்கணும், சூடு ஏறிடுதாம். காத்து அவ்ளோ வறட்சிங்கிறதால தொட்டாலே ஸ்டேட்டிக் ஷாக். பெரிய டேட்டா போற அளவுக்கு நெட்டு நாள்ல சில மணி நேரம்தான், ஏன்னா பூமத்திய ரேகைக்கு மேல நிக்கிற சாட்டிலைட்டுங்க எதுவும் துருவத்துக்குத் தெரியாது, பாதை சாஞ்சு போன பழைய சாட்டிலைட்டுங்க அடிவானத்துக்கு மேல தலைய நீட்டுற நேரத்துல பேசிக்கணும். ஒரு நாளைக்கு ஒரு டெராபைட் சேருது, சாட்டிலைட்ல அனுப்ப முடியறது 100 ஜிபி சொச்சம். அங்கயே சலிச்சு, முக்கியமானதை மட்டும் அனுப்பிட்டு, மிச்சத்தை டிஸ்க்குல போட்டு வச்சு, கோடைக்கு ஃபிளைட் வரும்போது குடுத்து விடுறாங்க.

அந்த ஃபிளைட் சமாச்சாரம்தான் அல்டிமேட். பிப்ரவரி நடுவுல கடைசி விமானம் போச்சுன்னா அக்டோபர் கடைசி, நவம்பர் வரைக்கும் ஒண்ணும் கெடையாது, நாப்பது சொச்சம் பேரு, கதவை மூடுனது மாதிரி. பிளாக் ஹோல் போட்டோ எடுத்தாங்கல்ல, 2017 ஏப்ரல்ல உலகம் பூரா எட்டு டெலஸ்கோப் ஒரே நேரத்துல பாத்துது, அதுல ஒண்ணு தென் துருவத்துது. மத்த எடத்து டிஸ்க்கெல்லாம் பொட்டி கட்டி அனுப்பியாச்சு, துருவத்து டிஸ்க் மட்டும் குளிர்காலம் முடியற வரைக்கும் அங்கயே கெடந்து, டிசம்பர்ல அமெரிக்கா போயி சேந்துது. நம்ம கிளையன்ட், நாலு மணி நேரத்துல சரி பண்ணித் தரணும்ங்கிற ஒப்பந்தத்துக்கு (எஸ்எல்ஏ) அஞ்சு நிமிஷம் தாண்டுனா கான்ஃபரன்ஸ் கால் வைக்கிறான், அங்க பாருங்க, எட்டு மாசம்.

யூடியூப்ல பாத்தா வேற மாதிரி இருக்கும். பச்சையா அரோரா ஆடும், பின்னாடி பியானோ, "தனிமையின் அழகு"ன்னு ஒருத்தர் கொரல். எனக்கு அதுல எரிச்சல். 1999ல அங்க இருந்த டாக்டர் ஜெர்ரி நீல்சனுக்கு குளிர்காலத்து நடுவுல மார்புல கட்டி வந்துது. ஸ்டேஷனுக்கே அவங்க ஒருத்தர்தான் டாக்டர். கூட இருந்த, மருத்துவம் படிக்காத ஆளுங்களுக்கு சொல்லிக் குடுத்து, அவங்க உதவியோட தனக்குத்தானே ஊசி போட்டு சதை எடுத்தாங்க, ஜூலைல விமானம் தரையிறங்காம மேலேர்ந்து மருந்தை போட்டுட்டுப் போச்சு, அக்டோபர்ல வந்துதான் கூட்டிட்டுப் போனாங்க. அமெரிக்காவுலேர்ந்து டாக்டருங்க சொல்லச் சொல்ல இவங்க செஞ்சாங்க. அந்தப் பக்கம் இன்ஸ்ட்ரக்‌ஷன், இந்தப் பக்கம் கை. கையும் அவங்களுது, ஒடம்பும் அவங்களுது. இதைப் படிச்சுட்டு அன்னிக்கு ஷிப்ட்ல எனக்கு அந்த ஸ்லாட் நாலு ஞாபகம் வந்துது. ஏன்னு அப்ப சரியா புரியல.

43 செகண்ட்

எனக்கு நானே சமாதானமும் சொல்லிப் பாத்தேன். மனுஷன் எதுக்கு, எல்லாம் ஆட்டோமேட்டிக்தானேன்னு. அதுக்கு சாட்சியும் இருக்கு. 2017 செப்டம்பர் 22, உலக நேரம் இருபது மணி அம்பத்தி நாலு நிமிஷம், பூமிய உரசிகிட்டு வந்த ஒரு நியூட்ரினோ ஐஸ்க்யூப்புல மாட்டுச்சு, 290 டெரா எலக்ட்ரான் வோல்ட் எனர்ஜியோட. 43 செகண்ட்ல உலகம் பூரா இருக்குற டெலஸ்கோப்புங்களுக்கு அலர்ட் போயிடுச்சு, யாரும் பட்டன் அமுக்கல. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா ஓரியன் பக்கத்துல, அதாவது நம்ம திருவாதிரை நட்சத்திரம் இருக்குற பக்கம், ஏறக்குறைய 400 கோடி ஒளியாண்டு தூரத்துல ஒரு கேலக்ஸி காமா கதிர்ல கொழுந்து விட்டு எரிஞ்சுகிட்டு இருந்துது. இவ்ளோ எனர்ஜியில வர்ற நியூட்ரினோ எங்கேர்ந்து வருதுன்னு விரல் நீட்டிச் சொல்ல முதல் நல்ல ஆதாரம் அதுதான். 2018ல அறிவிச்சாங்க.

நம்ம நேரத்துக்கு அது சனிக்கிழமை விடிகாலை 2:24. வெள்ளிக்கிழமை நைட், சேஞ்ச் விண்டோ, அதாவது சிஸ்டத்துல மாத்தம் பண்ண ஒதுக்குன நேரம். பழைய ரோஸ்டரை தேடி எடுத்துப் பாத்தேன், அன்னிக்கு நான் ஷிப்ட்ல இருந்திருக்கேன். கதை விடுறேன்னு நெனைக்காதீங்க, அந்த வருஷம் பாதி ராத்திரி நான் ஷிப்ட்லதான் இருந்தேன், அதுல பெரிய அதிசயம் ஒண்ணும் இல்ல. என்ன பண்ணிகிட்டு இருந்தேன்னு ஞாபகமும் இல்ல, அனேகமா பேட்ச் போட்டுட்டு ரீபூட் ஆகுற வரைக்கும் மிஷின் காபி. துருவத்துல அப்ப ஆறு மாச இருட்டு முடிஞ்சு சூரியன் அப்பதான் தலை காட்டியிருக்கும். அங்க நியூசிலாந்து கடிகாரம், காலைல ஒம்போது ஆகப் போற நேரம், அந்த ரெண்டு பேரும் முட்டை தின்னுகிட்டு இருந்திருக்கலாம். அவங்க எதுவும் பண்ண வேண்டியிருக்கல. ஆனா அதுக்கு முந்தின வாரம் எந்த பவர் சப்ளைய மாத்துனாங்க, எந்த மிஷின் தொங்குனப்ப பாதி ராத்திரில நடந்து போனாங்கங்கிறது எந்தச் செய்தியிலயும் வராது. 43 செகண்டுங்கிறது அவங்க ஒண்ணும் பண்ண வேண்டியில்லாத அளவுக்கு எல்லாத்தையும் ஓட வச்சிருந்ததோட கணக்கு. இப்படி யோசிச்சதும் என் சமாதானம் புஸ்ஸுன்னு போச்சு.

நம்ம ஊர்லயும் இதே கதை இருக்கு, தூரம்தான் கம்மி. ஊருக்குப் பஸ்ல போறப்பல்லாம் ஹொஸ்கோட்டை தாண்டித்தான் போவேன். அங்க ஒரு ஆராய்ச்சி மையத்துல உக்காந்துகிட்டு, லடாக்ல 4500 மீட்டர் ஒசரத்துல ஹான்லேல இருக்குற ரெண்டு மீட்டர் டெலஸ்கோப்பை சாட்டிலைட் வழியா ஓட்டுறாங்க. இங்க வேர்வை, அங்க பனி. அப்புறம் 2023 டிசம்பர்ல நம்ம மேக்ரி சர்க்கிள் பக்கத்து ராமன் இன்ஸ்டிடியூட் ஆளுங்க ஆர்க்டிக்ல ஸ்வால்பார்டுக்கே போனாங்க, இந்தியாவோட முதல் ஆர்க்டிக் குளிர்காலப் பயணத்துல, அங்க ரேடியோ சத்தம் எவ்ளோ இருக்குன்னு அளக்க. முதல் நட்சத்திரங்க பொறந்த காலத்து சிக்னல் எஃப்எம் ரேடியோ ஓடுற அலைவரிசைலயே வருதாம், ரேடியோ மிர்ச்சி இருக்குற எடத்துல அதைக் கேக்க முடியுமா. அங்க அவங்க தங்குன நி-ஓலெசுண்ட்ங்கிற ஊர்ல வைஃபை, ப்ளூடூத் ரெண்டும் போடக்கூடாது. என் டீம்ல ஒரு பையன் கேட்டான், "அப்ப இயர்பட்ஸ் எப்படிண்ணா?"ன்னு.

அம்மா வந்த அன்னிக்கு

எக்ஸிபிஷனுக்கு மொத நாள் எங்கம்மா கேஜிஎஃப்லேர்ந்து, அதாவது கோலார் தங்கவயல்லேர்ந்து வந்தாங்க. சாம்பியன் ரீஃப். தாத்தா, அதாவது எங்கம்மாவோட அப்பா, அங்க சுரங்கத்துல அண்டர்கிரவுண்ட். எங்க சொந்தக்காரங்கள்ல பாதிப் பேருக்கு வட ஆற்காட்டுலேர்ந்து வந்த தலைமுறை, சுரங்கம், அப்புறம் 2001ல சுரங்கத்தை மூடுனதும் தினம் ட்ரெயின் புடிச்சு பெங்களூரு, இதான் வரலாறு. நானும் மூணு வருஷம் மாரிக்குப்பம் ட்ரெயின்ல தொங்குனவன்தான்.

ஹால்ல தெர்மகோலை நிமுத்தி வச்சு பாசிமணியெல்லாம் தொங்க விட்டிருந்தோம். அம்மா காபிய வச்சுகிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "இன்னாடி இது, கெணறா?"ன்னாங்க. பொண்ணு பாடத்தை ஒப்பிச்சா, ஐஸு, கேபிளு, நியூட்ரினோ. "எம்மாம் ஆழம்?" நான் அடிக்கணக்குல சொன்னேன், எட்டாயிரம் அடி.

"எட்டாயிரமா? எங்கப்பா அதுக்குங்கீழ போயி வேல செஞ்சிட்டு சாயங்காலம் வூட்டுக்கு வந்து சோறு துன்னவரு" அப்படின்னுட்டு காபிய ஆத்துனாங்க. அப்புறம், சும்மா பேச்சுவாக்குல, "இதே மாரிதான் அந்த டாட்டா காரங்களும் வந்து கீழ இன்னாமோ கட்டினாங்க. ஈயத் தகடு, கண்ணாடிக் கொழாயி. அப்பாதான் கேஜ்ல ஏத்தி எறக்குவாரு. ஆகாசத்தப் பாக்கறதுக்கு பாதாளத்துக்கு வந்துகிறானுங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

எனக்கு கையில இருந்த நரம்பு நழுவிடுச்சு. ஏன்னா அந்தக் கதைய நான் புஸ்தகத்துல படிச்சவன். 1965. டாட்டா இன்ஸ்டிடியூட், ஒசாகா, டர்ஹாம் மூணும் சேந்து சாம்பியன் ரீஃப்ல கிட்டத்தட்ட 7600 அடி ஆழத்துல, அதாவது ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, கண்டுபிடிப்பானுங்களை வச்சாங்க. மேல இருக்குற பாறை மத்த கதிரையெல்லாம் வடிகட்டிடும், நியூட்ரினோ மட்டும் வரும். காத்து மண்டலத்துல பொறக்குற நியூட்ரினோவை உலகத்துலயே முதல்ல பாத்த ரெண்டு எடத்துல ஒண்ணு கேஜிஎஃப், இன்னொண்ணு தென் ஆப்பிரிக்காவுல அதுவும் தங்கச் சுரங்கம். மேனன், ஸ்ரீகண்டன்னு பேருங்க பேப்பர்ல இருக்கு. இதை நான் ஐஸ்க்யூப் பத்திப் படிக்கறப்ப முன்கதையா படிச்சு, "அட நம்ம ஊரு"ன்னு பெருமையா வாட்ஸாப் ஸ்டேட்டஸ் கூட வச்சேன். அந்த ஈயத் தகட்டை யாரு கீழ எறக்குனாங்கன்னு ஒரு தடவை கூட எனக்குத் தோணல. எங்க வீட்டுலயே கேட்டிருக்கலாம். தாத்தா செத்து இருவது வருஷம் ஆச்சு.

அம்மாவைத் தொளச்சு எடுத்தேன். அவங்களுக்கு நெறைய தெரியல. ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சிருந்தாங்க. கீழ பாறை கொதிக்கும், ஆளுங்க கோவணத்தோட வேலை செய்வாங்களாம், ஆனா அந்த மிஷின் இருந்த எடத்துக்குப் போறப்ப தாத்தா கைய மட்டும் துணில நல்லாத் தொடச்சுட்டுதான் தொடுவாராம். யாரும் சொல்லிக் குடுக்கல. கண்ணாடிக் கொழாயில வேர்வை பட்டா கெட்டுப் போயிடும்னு அவரா நெனச்சுகிட்டாரு. கெடுமா கெடாதான்னு யாரையும் கேட்டும் பாக்கல. கம்பெனி ரெக்கார்டுல அது ஒரு சாதா ஷிப்ட், தினக்கூலி, அவ்ளோதான். பேப்பர்ல பேரு போடலன்னு நான் சண்டைக்கு வரல, லிஃப்ட் ஓட்டுனவர் பேரைப் போட்டா பேப்பர் எங்க முடியும். ஆனா ஒரு வேளை ஒரு கொழாய் ஒடஞ்சிருந்தா? எழுதியிருப்பாங்கல்ல, "தொழிலாளர் தரப்பில் கவனக்குறைவு"ன்னு. நான் எழுதுன மாதிரியே, கிளியரா.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. துருவத்துலயே நடந்த இன்னொரு விஷயம் ஓடிகிட்டு இருந்துது. பைசெப்2ன்னு ஒரு டெலஸ்கோப், 2014 மார்ச்ல பிரபஞ்சம் பொறந்த கணத்தோட அதிர்வைப் பாத்துட்டோம்னு அறிவிச்சாங்க. உலகமே கொண்டாடுச்சு, ஷாம்பெயினோட ஒரு வீடியோ கூட வந்துது. அப்புறம் பாத்தா அவங்க பாத்ததுல பெரும்பங்கு நம்ம பால்வீதியிலயே இருக்குற தூசி. எவ்ளோ தொடச்ச கண்ணாடி வழியா பாத்தாலும் தூசி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தா என்ன பண்ணுவ. ஆனா எனக்குப் புடிச்சது அதுக்கப்புறம் நடந்தது: 2015 ஜனவரில, தப்புன்னு காட்டுன பிளாங்க் சாட்டிலைட் ஆளுங்களோடயே சேந்து உக்காந்து, ரெண்டு டேட்டாவையும் ஒண்ணாப் போட்டு, எங்க சிக்னல் நிக்கலன்னு தங்க பேரையும் போட்டே பேப்பர் எழுதுனாங்க. நோபல் வர வேண்டிய எடத்துல ஒரு நேர்மையான ஆர்சிஏ. நான் ஒரு டிஸ்க் ஸ்லாட்டுக்கு எழுத மாட்டேன்னுட்டேன்.

எந்திரிச்சு லேப்டாப்பைத் தொறந்து அந்தப் பழைய டிக்கெட்டைத் தேடினேன். நடுவுல டூலை மாத்திட்டாங்க, பழசெல்லாம் ஆர்க்கைவ்ல ரீட் ஒன்லி. படிக்கலாம், திருத்த முடியாது. அவர் கடைசியா போட்ட கமென்ட் இருந்துது: "டிஸ்க் ஃபோர் ரிமூவ்ட் அஸ் ரெக்வெஸ்டட். பிளீஸ் கன்ஃபர்ம்." கன்ஃபர்ம் பண்ணுன்னு கேட்டிருக்காரு மனுஷன். நான் எட்டு நிமிஷம் பதிலே போடல, நேரம் அதுலயே இருக்கு. எங்க போயிருந்தேன், காபிக்கா.

மறுநாள் காலைல மாடலை ஆட்டோல ஏத்தி பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, நைட் ஷிப்ட் ஆளுக்கே உரிய மாதிரி கவுந்தடிச்சுப் படுத்தேன். பத்தரைக்கு போன். அவங்க மிஸ் நம்பர்லேர்ந்து அழுகையோட, கேஆர் புரம் பிரிட்ஜ் கிட்ட ஒரு பள்ளத்துல ஆட்டோ குதிச்சுதாம், ஒரு கேபிள் அறுந்து மணியெல்லாம் டப்பாவுக்குள்ள கொட்டிக் கெடக்காம், இன்னும் இருவது நிமிஷத்துல ஜட்ஜு வராங்களாம். ஃபெவிகுவிக் இருக்கா, இருக்கு. நரம்பு இருக்கா, இருக்கு.

"அழுவாத. எது அறுந்துது?"

"நாலாவதுப்பா."

"எங்கேர்ந்து எண்ணுன? எந்தப் பக்கத்துலேர்ந்து? மொத கேபிளை ஒண்ணுன்னு வச்சியா சீரோன்னு வச்சியா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அப்பா... பாத்தா தெரியாதா? அறுந்து தொங்குது!"

"எனக்குத் தெரியாதுமா. நீதான அங்க இருக்க. சொல்லு."